ஊமைச் சுழி

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் புதிதாக ஒட்டியிருந்தால் அவர் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார். சேத்தியாத்தோப்பு கூட்டுரோடானாலும் சரி, புவனகிரி பாலத்துச் சுவரானாலும் சரி, பசை காயாத போஸ்டர் கண்ணில் பட்டால் போதும். கண்ணாடியை இறக்கி, செத்தவர் பெயரிலிருந்து வருந்தும் பேரப்பிள்ளைகள் வரை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படிப்பார். படித்துவிட்டு விரல்விட்டு எண்ணுவார்.

"செத்து இன்னையோட மூணு நாளு. பதினாறாம் நாளு அடுத்த வெசாயக்கெழம விழுது. காரியம் முடிஞ்சா மாடு வெளிய வந்துரும் மச்சான். மனசுல வெச்சிக்க."

அவர் மாட்டு வியாபாரி. நான் அவருக்கு வண்டி ஓட்டியவன். குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லாரி, என் சொந்த வண்டி. அதற்கு முன்னால் கடலூர் துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டிருந்தேன். மாடு ஏற்ற ஆரம்பித்தபோது தொட்டியில் மீன் வாடை போகவில்லை. முதல் நாள் ஏற்றப்போன பசு முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. அவர் அதன் காதருகே குனிந்து, "ஏறுடா கண்ணு, நம்ம மச்சான் வண்டிதான்" என்றார். ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து நான் மச்சான். எனக்கும் அவருக்கும் சொந்தமும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர்.

வாரத்தில் மூன்று நாள் சுற்று. விடிந்ததும் கடலூரில் கிளம்பினால் குறிஞ்சிப்பாடி, வடலூர், சேத்தியாத்தோப்பு. அங்கிருந்து வீராணம் ஏரிக்கரை மேலேயே லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில். பிறகு சிதம்பரம் வந்து திரும்புவோம். சந்தை இருக்கிற ஊரில் சந்தை, இல்லாத ஊரில் வீடு வீடாகப் போவது. நான்கு வருடம் அப்படி ஓடியது.

அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றிரண்டு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். குடிக்க மாட்டார். மாட்டை அடிக்க மாட்டார். மற்ற வியாபாரிகள் வாலை முறுக்குவார்கள், ஏற மறுக்கிற மாட்டின் கண்ணில் மிளகாய்த்தூள் வைப்பார்கள். இவர் நான்கு வருடத்தில் ஒரு மாட்டின் மேல் ஓங்கிக் கை வைத்து நான் பார்த்ததில்லை. வெயில் நேரத்தில் வழியில் நிறுத்தி ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் அவர் டீ குடிப்பார். பேச்சுத் துணைக்கும் அவர் மாதிரி ஆள் கிடையாது. சந்தையில் பார்த்தவர்களைப் போலவே பேசிக் காட்டுவார். நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் சிரித்திருக்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த அத்தனை சிரிப்பையும் இப்போது திருப்பிக் கொடுத்துவிட முடிந்தால் நன்றாக இருக்கும்.

மாட்டுக்காரர்களுக்குப் பல்லும் மடியும் பார்க்கத் தெரியும். அவருக்கு வீடு பார்க்கத் தெரியும். வாசலில் நின்று ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்குள், அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு எங்கே தொட்டால் வலிக்கும் என்று கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த இடத்தில் ஒரு விரலை வைப்பார். அழுத்தக்கூட மாட்டார்.

மாட்டின் உடம்பில் மயிர் சுழித்துக்கொண்டிருக்கும் இடங்களைச் சுழி என்பார்கள். நெற்றியில், முதுகில், கழுத்தில், வாலடியில் என்று ஒவ்வொரு இடத்துச் சுழிக்கும் ஒரு பெயர், ஒரு பலன். இன்ன சுழி இருந்தால் வீடு விளங்கும், இன்ன சுழி இருந்தால் வீட்டில் பாடை ஏறும் என்று எங்கள் பக்கத்தில் படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். கெட்ட சுழி இருக்கிற மாட்டுக்கு விலை கிடையாது. அவருக்கு இந்தச் சுழிகள் பாதிதான் தெரியும் என்று நினைக்கிறேன். முழுக்கத் தெரிய வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை.

அண்ணாகிராமம் பக்கத்தில் ஒரு வீடு. பின்னால் முந்திரித் தோப்பு, முன்னால் பதினாறாம் நாள் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. செத்தவருக்கு நாற்பது வயதுதான். அவருடைய அண்ணன் மாட்டைக் காட்டினார். விதவையான பெண் கதவோரம் நின்றிருந்தாள். இவர் மாட்டின் முதுகு மயிரை மெதுவாகத் தடவினார். ஓர் இடத்தில் கை நின்றது.

"இது எப்போ வாங்குனது?"

"போன தை மாசம்" என்றார் அண்ணன்.

"ஓ" என்றார் இவர். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"ஏன் கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

வண்டிக்கு வந்து உட்கார்ந்து என்னிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கினார். அவர் குடித்து மூடியைத் திருகுவதற்குள் அண்ணன்காரர் ஓடி வந்து, கொடுக்கிறதைக் கொடுத்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். அந்தப் பெண் கதவோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவனைக் கொன்ற மாட்டுக்கு இத்தனை நாள் தன் கையால் தவிடு கரைத்து வைத்தோமே என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. வண்டி ஊரைத் தாண்டியதும் இவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் என்னா சொன்னேன்? எப்ப வாங்குனதுன்னு கேட்டேன். கேக்கக் கூடாதா?"

லால்பேட்டையில் ஒரு பாய் இருந்தார். பால் மாடுகள் வைத்திருந்தார், எங்களோடு வாங்கவும் விற்கவும் செய்வார். அவரிடம் சுழி செல்லாது. "எங்க மார்க்கத்துல அதெல்லாம் கெடயாது மாமா. பாலு எவ்ளோ, ஈத்து எத்தன, அத மட்டும் பேசுங்க" என்று சிரிப்பார். அன்றைக்கு ஒரு பசுவுக்கு அவர் சொன்ன விலையிலிருந்து இறங்கவே இல்லை. நியாயமான விலைதான். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ நினைவு வந்தவர் மாதிரி, "பையன் துபாய்ல இருக்காப்லல்ல? போன் பண்றாப்லயா பாய்?" என்றார்.

பாயின் சிரிப்பு நின்றது. பையன் இரண்டு மாதமாகப் பேசவில்லை என்று இவருக்கு யாரோ டீக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். "அல்லா பாத்துக்குவான்" என்றார் பாய். அதற்குப் பிறகு அவருக்கு விலை பேசுவதில் மனசு நிற்கவில்லை. பசு ஏறியது. வழியெல்லாம் இவர் அந்தப் பாயைப் போலவே தாடியைத் தடவிக் காட்டினார். அன்றைக்கு நான் சிரித்தேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சிரித்திருப்பேன்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் வடலூரில் மழைக்கு ஒதுங்கி டீ குடித்தபோது நானே வாய்விட்டு அவரிடம் சொன்னேன். நான் தேவனாம்பட்டினத்துக்காரன். சுனாமி அன்று காலையில் என் தங்கை என் கையைப் பிடித்திருந்தாள். அவளுக்கு ஏழு வயது. இரண்டாவது அலையில் கை விட்டுப் போனது. அவள் விட்டாளா நான் விட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அம்மா என்னைக் கடலுக்கு அனுப்பவில்லை, அதனால்தான் வண்டி. இதையெல்லாம் அவர் கண்கலங்கக் கேட்டார். தோளைத் தட்டினார். இன்னொரு டீ சொன்னார். எங்கே வலிக்கும் என்று தெரிந்துகொண்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை சொன்னதெல்லாம் அதைத் தள்ளிப்போடத்தான்.

வீராணம் ஏரிக்கரையிலிருந்து ஒரு சின்ன ஊருக்குச் சரிவாக மண்பாதை இறங்கும். கீழே ஒரு வேப்பமரத்தடியில் கறுப்புக் கலப்புப் பசு ஒன்று கன்றோடு நின்றது. மடி நிரம்பித் தொங்கியது. விற்பனைக்கு என்று யாரும் சொல்லவில்லை. இவர் கண்ணில் பட்டுவிட்டது, வண்டியை இறக்கச் சொன்னார். பாதை நடுவில் ஒரு பெண் குழந்தை எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மண்ணைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தது. மூன்று வயது இருக்கும். ஹாரன் அடித்தேன். பசு திரும்பியது, கன்று துள்ளியது, மரத்தில் இருந்த காக்கைகள் எழும்பின. குழந்தை திரும்பவில்லை. கிட்டப்போய் மறுபடியும் அழுத்தினேன். குழந்தை மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தது.

இவர் இறங்கிப் போய்க் குழந்தையின் பின்னால் நின்று பலமாகக் கைதட்டினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண் ஓடி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பெயர் சத்யா என்று பிறகு தெரிந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். கணவன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. குழந்தை பெயர் தர்ஷினி.

"புள்ள பேசுதாம்மா?" என்று கேட்டார் இவர்.

அவள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "இன்னும் இல்லீங்க. சில புள்ளைங்க லேட்டா பேசும்னு சொல்றாங்க. எங்க மாமியாதான் ஜாஸ்தி பேசுறாங்க, வாயில்லாதத பெத்துட்டேன்னு."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பசுவைச் சுற்றி வந்தார். கழுத்தைச் சொறிந்துகொடுத்து, தாடையைத் தூக்கி, தொண்டைக்குக் கீழே விரலை விட்டுத் தடவினார். எல்லா மாட்டுக்கும் அங்கே மயிர் கொஞ்சம் சுழித்துத்தான் இருக்கும். விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"வேணாம் மச்சான். வண்டிய எடு."

அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். "என்னாங்க? என்னான்னு சொல்லிட்டுப் போங்க."

"சொன்னா உம் மனசு கஷ்டப்படும்மா."

"பரவால்ல, சொல்லுங்க."

"ஊமச் சுழி. தொண்டையில இருக்குது. இந்த மாடு வந்து எத்தன வருஷமாச்சு?"

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவள் உதடு அசைவதை நான் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை வயிற்றில் இருந்தபோது வாங்கிய மாடு. "வித்துட்டா சரியாப் போயிருமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் இவ்வளவு நேரம் காத்திருந்தார்.

"மூணு மாசம் பாரு" என்றார்.

கன்றை விட்டுவிட்டுப் பசுவை மட்டும் ஏற்றும்போது குழந்தை வீறிட்டது. அதுவரை அது வாயைத் திறந்து நான் கேட்கவில்லை. பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உருவமில்லாத ஒரு சத்தத்தில், மூச்சு முட்டக் கத்தியது. அழுத கண்ணோடு நின்ற சத்யாவைப் பார்த்து இவர் சொன்னார்: "பாத்தியா? மாட்ட ஏத்துனதுமே சத்தம் வருது பாரு."

அவள் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. குழந்தையின் கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். பெண்ணே, உன் குழந்தைக்குக் காது கேட்கவில்லை, டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

கரை ஏறிய பிறகு கேட்டேன். "ஊமச் சுழின்னு ஒண்ணு இருக்குதா?"

"இன்னையிலேர்ந்து இருக்குது" என்றார்.

உண்மையிலேயே இருக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு சந்தையில், விருத்தாசலம் பக்கத்து விவசாயி ஒருவர் எங்கள் கிடாரியின் தாடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அய்யய்ய, தொண்டையில ஊமச் சுழி இருக்குதே, வேணாம் வேணாம்" என்று நகர்ந்துவிட்டார். நல்ல கிடாரி. அன்றைக்கு அது விற்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். இவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நாள் முழுக்க அதே பேச்சு. "விருத்தாசலம் வரைக்கும் போயிருச்சு மச்சான்!" எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். பணத்துக்காகத்தான் இவர் இதையெல்லாம் செய்கிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அது தப்பு என்று புரிந்தது. தன் வாயால் சொன்ன ஒன்றுக்கு நாலு ஊர் நடுங்குவதைப் பார்ப்பதில் இருந்த ருசி, இவருக்கு எந்த விலையிலும் கிடைக்கவில்லை.

மூன்று மாதம் ஆனதும், சொல்லிவைத்தது போல, சத்யா ஏரிக்கரை மேலேயே நின்று எங்கள் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள். எத்தனை நாளாக அங்கே வந்து நின்றாளோ தெரியாது. இடுப்பில் தர்ஷினி.

"மாமா, அம்மான்னு ஒரு வார்த்த வரல மாமா."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"கன்ன எங்க கட்டியிருக்கே?"

"ஊட்டுலதான்."

"அதான். தாய வித்துட்டு ரத்தத்த ஊட்டுலயே வெச்சிகினு இருந்தா எப்படி? நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும், என் தப்புதான். காசுக்குக் குடுக்காத. நான் கோயில்ல கொண்டு போய் விட்டுர்றேன்."

அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கன்றை ஏற்றிக்கொண்டோம். அடுத்த சந்தையிலேயே அதை விற்றார். கோயில் பக்கம் வண்டி திரும்பவே இல்லை. அன்று திரும்பும் வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கொழந்தைக்குக் காது கேக்கல. உங்களுக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு சாந்தமாகச் சொன்னார்: "ஊரான் புள்ளைக்கு இவ்ளோ துடிக்கிறியே மச்சான். உந் தங்கச்சி கைய யாரு விட்டது?"

புவனகிரி தாண்டும்வரை எனக்குக் கண் தெரியவில்லை. வண்டி எப்படிப் போனதோ. கடலூரில் இறங்கும்போது அவர் வழக்கம்போல, "காலைல அஞ்சு மணிக்கு வந்துரு" என்றார். வந்தேன். அதற்குப் பிறகு அவரிடம் அந்தக் குழந்தையைப் பற்றி நான் பேசவில்லை. என் வாயை அடைக்க அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் செலவழித்தார்.

மூன்றாவது தடவை அந்த வீட்டுக்கு நாங்கள் விருந்தாளிகளாகப் போனோம். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சத்யா புதிதாக ஒரு மாடு வாங்கப் போகிறாள், அதற்கு முன்னால் அவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று போன் செய்திருந்தாள். அவர் தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தொண்டையில் நீண்ட நேரம் தடவினார். அவள் கைகளைக் கோத்துக்கொண்டு, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவள் போல நின்றாள்.

"சுத்தமான மாடு. தாராளமா கட்டு" என்றார்.

ஏரி விரால் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். இலை போட்டாள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். குழம்பு ருசியாக இருந்தது, இரண்டாம் முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். தர்ஷினி வளர்ந்திருந்தாள். நாலரை வயது. அம்மாவின் முந்தானையை இழுத்து, கையால் ஏதேதோ காட்டிப் பேசினாள். அவளும் அம்மாவும் தங்களுக்குள் ஒரு பாஷை உண்டாக்கி வைத்திருந்தார்கள். இவர் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு அவள் தலையில் கை வைத்தார். "வரும், வரும். வாக்கு வர்றதுக்கு நேரம்னு ஒண்ணு இருக்குது." சத்யா அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் வெளியே வந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன். காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கதை கேட்பவர்களுக்கு இந்த இடத்தில் அவருக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று இருக்கும். எனக்கும் இருந்தது. மாடு முட்டிச் சாகலாம், கைகால் இழுத்துக்கொள்ளலாம். ஒன்றும் ஆகவில்லை. மகனுக்குச் சென்னையில் நல்ல வேலை கிடைத்தது. தாம்பரத்தில் ஃபிளாட் வாங்கி அப்பாவை அழைத்துக்கொண்டான். அவருக்கு இன்றுவரை சுகர்கூட இல்லை. காலையில் பூங்காவில் நடக்கிறாராம், அங்கே நிறைய பேர் பழக்கமாம். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்து, "என்னா மச்சான், வண்டி ஓடுதா?" என்று கேட்பார். ஓடுது என்பேன். அந்தப் பூங்காவில் யார் யாருக்கு எங்கே வலிக்கும் என்று இதற்குள் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் போன பிறகு என்னைத் தடுக்க ஆள் இல்லை. அப்படியும் இரண்டு வருடம் அந்த ஊர்ப் பக்கம் நான் போகவில்லை. லால்பேட்டைக்கு லோடு வந்தால் ஏரிக்கரையைத் தவிர்த்துச் சிதம்பரம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். டீசல் கூடுதலாக ஆகும் என்று தெரிந்தே போனேன். போன வருடம் ஒருநாள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் சத்யாவையே பார்த்துவிட்டேன். கையைப் பிடித்தபடி தர்ஷினி. தெற்கு வீதியில் எவரோ நாக்கில் தேன் வைத்து மந்திரிக்கிறார் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். அந்தத் தேன்தான் என்னைத் தள்ளியது. "அங்க வேணாம்மா, ஒரு டாக்டர் இருக்காரு, வா" என்று வண்டியில் ஏற்றிக் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

கண்ணாடி அறைக்குள் வைத்துச் சோதித்தார்கள். அரை மணி நேரம் ஆனது. டாக்டர் நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு காதும் பிறவியிலேர்ந்தே கேக்கலம்மா. தொண்டையில ஒரு குறையும் இல்ல. மூணு வயசுல கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா ஆபரேஷன் பண்ணி உள்ள மெஷின் வெச்சிருக்கலாம். அரசாங்கமே செஞ்சு குடுக்குது. பேச்சு வந்திருக்கும், ஸ்கூல்ல எல்லாப் புள்ளைங்க மாதிரி உக்காந்திருக்கும். அந்தத் திட்டத்துக்கு ஆறு வயசுதான் கடைசி. இப்ப ஏழு நடக்குது. இதுக்கு மேல வெச்சாலும் பேச்சு வர்றது ரொம்பக் கஷ்டம். சைகை பாஷை சொல்லிக் குடுக்குற ஸ்கூல்ல சேருங்க. கடலூர்ல விசாரிங்க." பேனாவை மூடிவிட்டு, "இத்தன வருஷம் என்னாம்மா பண்ணீங்க?" என்று கேட்டார்.

"மாட்ட வித்தேங்க" என்றாள் சத்யா. டாக்டருக்குப் புரியவில்லை.

திரும்பும் வழியில் குழந்தை அவள் மடியில் தூங்கிவிட்டது. காட்டுமன்னார்கோயில் தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்ற சுயநலம்தான், வேறென்ன.

"அந்தச் சுழி பொய்ம்மா. அப்படி ஒண்ணு கெடயவே கெடயாது. அவரு அங்கயே நின்னு கட்டுன கத. கன்னையும் கோயில்ல விடல, வித்துட்டாரு."

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புள்ளைக்குக் காது கேக்காதுன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏனோ உண்மை வந்தது. "தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மொத நாளே."

ஏரிக்கரை வந்துவிட்டது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், நடுவில் எங்கள் வண்டி மட்டும். அவள் என் பக்கம் திரும்பினாள். அவரைச் சபிக்கப் போகிறாள், நானும் கூடச் சேர்ந்து சபிக்கலாம் என்று நான் காத்திருந்தேன் என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"அவரு மாடு வாங்க வந்தவரு, பொய் சொன்னாரு" என்றாள். "நீங்க எதுக்கு வந்தீங்க அண்ணா?"

"வண்டி ஓட்ட வந்தேம்மா" என்றேன்.

அவள் குழந்தையின் தலையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"அப்போ ஓட்டுங்க" என்றாள்.